ஒயர் நுழைந்த வழி

2024 டிசம்பர் 1ஆம் தேதி காலையில் அப்பாவின் அறைச் சுவரில் ஒரு கோடு இருந்தது. இன்டர்நெட் ஒயர் உள்ளே வரும் ஓட்டையில் தொடங்கி, புது பெயின்ட்டின் மேல் பழுப்பாக இறங்கி, சுவிட்ச் போர்டின் தலையில் போய் நின்றது. முந்தைய இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, அதற்குமேல் நகராமல் உட்கார்ந்துவிட்டது. எங்கள் ஊருக்குத் தென்மேற்கே இருக்கும் மயிலத்தில் மட்டும் 50 செ.மீ. அளவுக்கு மழை. ஏரி உடைந்தவர்கள், வீடு இழந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கும்போது சுவரில் ஒரு கோட்டைப் பார்த்து வருத்தப்படுவது அற்பம்தான். ஆனாலும் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னார்: "ஒயரு வந்த வழியாவே தண்ணியும் வந்துடுச்சி பாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி வந்தா தூசியும் வரும்ல?" என்றார்.

அந்த அறையைக் கட்டியதே தூசி வரக்கூடாது என்பதற்காக. அதில் அந்த ஓட்டையைப் போடச் சொன்னவன் நான்.

*

பெருமுக்கல் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு மலை. உச்சியில் முக்தியாலீஸ்வரர் கோயில், அதில் சோழர் காலக் கல்வெட்டுகள். மலையில் ஒரு குகை, அதன் பாறையில் வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் கீறிய உருவங்கள். 18ஆம் நூற்றாண்டில் இது கோட்டை. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையில் 1760இல் அயர் கூட் இதைப் பிடித்தார். வெள்ளைக்காரர்களின் பழைய ஆவணங்களில் 'பெர்மகாயில்' என்று வருவது எங்கள் ஊர்தான்.

உள்ளூர்க்காரர்களுக்கு இது கல். இந்த வட்டாரத்தில் கல் உடைப்பது ரொம்ப நாள் பிழைப்பு. கையால் ஜல்லி உடைத்த காலம் போய் கிரஷர் வந்தது. ஆற்று மணல் தட்டுப்பாடானபின் கல்லையே அரைத்து எம்-சாண்ட் ஆக்குவதும் வந்தது. அப்பா இருபத்தெட்டு வருஷம் கிரஷரில் வேலை பார்த்தார். கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது உடையும்போது பறக்கும் தூசியில் கண்ணுக்குத் தெரிகிற பகுதியால் பெரிய ஆபத்து இல்லை, அது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். சில மைக்ரான் அளவுள்ள தூள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகிறது. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை வைத்துக்கொண்டால் இந்தத் தூள் எவ்வளவு பொடி என்று புரியும். இந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. ஆனால் அப்பா வேலை பார்த்த எந்த இடத்துப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. சனிக்கிழமை கூலி, கையில் காசு, அவ்வளவுதான். நுரையீரலில் இருக்கும் கல்லுக்கு ரசீது கிடையாது.

டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். போன நுரையீரல் திரும்ப வராது. இனிமேல் தூசி படக்கூடாது. வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் கிரஷர் ஓடுகிறது, சாலையில் டிப்பர் லாரி ஓய்வதில்லை. ஊரை விட்டு வர அப்பாவுக்கு மனமில்லை. அதனால் புது வீட்டில் ஒரு அறையையாவது தூசி நுழையாமல் கட்டுவது என்று முடிவுசெய்தோம். ரப்பர் பட்டை வைத்த யு.பி.வி.சி. ஜன்னல், அடியில் பிரஷ் வைத்த கதவு, ஒரு ஏசி.

வீடு முடிந்த பிறகு எனக்கு வீட்டிலிருந்து வேலை செய்ய இன்டர்நெட் வேண்டியிருந்தது. கம்பம் அப்பாவின் அறைப் பக்கம் இருந்தது. லைன் இழுக்க வந்த பையன், "இங்கயே ஒரு ஓட்ட போட்டுட்டா ஈஸிணா" என்றான். "போடு தம்பி" என்றேன். டிரில் மெஷின் இருபது விநாடி ஓடியது.

*

அந்தக் கோடு என்னைப் பின்னோக்கி இழுத்தது. ஒரு வீட்டுக்குள் ஒயர் எப்படியெல்லாம் நுழைந்திருக்கிறது என்று யோசித்தால், அது அந்த வீட்டின் வரலாறாகவே இருக்கிறது.

தாத்தாவின் வீடு கூரை வீடு. மண் சுவர், பனை ஓலை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே கைவிடும் அளவு சந்து சுற்றிலும் ஓடும். அடுப்புப் புகை அதன் வழியாகத்தான் போகும். கொஞ்சம் வசதியானவர்களின் ஓட்டு வீட்டில் முற்றமும் திண்ணையும் இருக்கும், ஓட்டுக்கு ஓடு இடுக்கில் வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழும். இந்த வீடுகளில் 'ஓட்டை' என்ற சொல்லுக்கு மழை ஒழுகும் இடம் என்பது மட்டுமே பொருள். காற்று வருகிற இடத்தை யாரும் ஓட்டை என்று சொன்னதில்லை. கடலோர வெக்கையில், வியர்வை காயக் காற்று வேண்டும் என்பது இங்கே கட்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நவீனக் கட்டடக் கலையும் இங்கே வந்தபோது இதே பாடத்தைத்தான் படித்தது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை 1930களில் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார், ஜார்ஜ் நகாஷிமா கூட இருந்து கட்டினார். இந்தியாவின் ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று அது. நீளமான இரண்டு பக்கங்களிலும் கண்ணாடி ஜன்னலுக்குப் பதில் திருப்பி வைக்கக்கூடிய படுக்கைப் பலகைகள், மேலிருந்து கீழ்வரை. வெயிலைத் தடுத்து, காற்றை மட்டும் உள்ளே விடும். கான்கிரீட்டில் கட்டினாலும் வீடு மூச்சுவிட முடியும் என்பதற்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் எண்பது வருஷத்துக்கு மேலான சாட்சி நிற்கிறது.

இப்படி மூச்சுவிட்டுக்கொண்டிருந்த வீடுகளுக்குத்தான் முதல் ஒயர் வந்தது.

சென்னை மாகாணத்தில் நீர்மின்சாரம் 1930களில் பைக்காராவிலும் மேட்டூரிலும் தொடங்கியது. 1957இல் மின்வாரியம் உருவானது. அதன்பிறகு கம்பிகள் கிராமங்களுக்குள் வேகமாக வந்தன. பல ஊர்களில் கம்பி முதலில் தேடிப்போனது கிணற்றை. பம்புசெட்டுக்கு வந்த கரண்ட்தான் பிறகு தெருவுக்கும் வந்தது. எங்கள் தெருவுக்கு வந்தது எழுபதுகளில், அப்பா டவுசர் போட்ட பையனாக இருந்தபோது.

அந்தக் கால வேலையில் ஒரு நிதானம் இருந்தது. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் நேராகச் சுவரைக் குத்தாது. கூரைக்கு மேலே ஒரு இரும்பு பைப் நிற்கும். அதன் உச்சி தடிக்கொம்பு போல வளைந்து, வாய் கீழே பார்க்கும். ஒயர் அந்த வாய்க்குக் கீழே ஒரு தொட்டில் மாதிரி தொங்கி, பிறகு மேலேறி உள்ளே போகும். மழைத் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் தொட்டிலின் அடியில் சொட்டிவிடும். தண்ணீர் மேலே ஏறாது என்கிற ஒரே ஒரு உண்மையை நம்பிச் செய்த ஏற்பாடு. வீட்டுக்குள் தேக்குச் சட்டத்தின் மேல் தகரக் கிளிப் அடித்து ஒயர் ஓடும். சுவரைத் தாண்டும் இடத்தில் பீங்கான் குழாய் வைப்பார்கள். அப்பாவுக்கு அது இன்னும் நினைவிருக்கிறது. "வெள்ளையா, காது தோடு மாதிரி இருக்கும்" என்றார்.

இரண்டாவது ஒயர் டிவிக்கு வந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கினாலும் எங்கள் தெருவில் ஆன்டெனா முளைக்க இன்னும் பத்து வருஷம் ஆனது. பட்டையான ஒயர், ஜன்னல் வழியாக வரும். ஜன்னலை முழுசாகச் சாத்த முடியாது, யாரும் சாத்தவும் மாட்டார்கள். 1993இல் சன் டிவி வந்தபின் கேபிள்காரர்கள் மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி கறுப்பு ஒயரை இழுத்தார்கள். 2006இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது டிவி இல்லாத வீடுகளுக்கும் அந்தக் கறுப்பு ஒயர் போனது. மண் சுவரில் கடப்பாரை நுனியால் ஒரு குத்து, மிச்ச இடத்துக்குப் பழந்துணி. பிறகு டி.டி.எச். குடை. 2020இல் கொரோனா வந்து பள்ளிக்கூடம் போனுக்குள் போனபிறகு, நூல் போன்ற ஃபைபர் ஒயர்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டை. பழைய ஒயர் செத்தாலும் அதன் ஓட்டை சாவதில்லை. இடிப்பதற்கு முன் எங்கள் பழைய வீட்டின் முன்சுவரில் எண்ணிப் பார்த்தேன், ஏழு இருந்தன. அதில் நான்கில் ஒயரே இல்லை. ஒன்றில் குளவி கூடு கட்டியிருந்தது.

அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சுவருக்கு மேலேயே கைவிடும் சந்து இருக்கும்போது, விரல் அளவு ஓட்டையால் என்ன ஆகிவிடும்? சிக்கல் தொடங்கியது நாம் வீட்டை மூடியபோதுதான். நாலு பக்கமும் சிமெண்ட், மேலே கான்கிரீட், நடுவில் ஏசி. வீடு பெட்டியாகிவிட்டது, ஒயர் இழுக்கும் பழக்கம் மட்டும் கூரை வீட்டுக் காலத்திலேயே நிற்கிறது.

*

வீட்டைப் பெட்டியாக்குவதில் உலகத்தின் இன்னொரு மூலை நம்மைவிட முன்னால் போயிருந்தது. அங்கே காரணம் குளிர்.

1973இல் எண்ணெய் விலை ஏறியதும், வீட்டைச் சூடாக்கும் செலவு குளிர்நாடுகளைக் கலக்கியது. 1977இல் கனடாவின் ரெஜைனா நகரில், சஸ்காட்சுவான் மாகாணத்தில், காற்றுப் புகாத சோதனை வீடு ஒன்றைக் கட்டினார்கள். அதே காலத்தில் ஸ்வீடனில் ஜன்னலில் ஒரு பெரிய ஃபேனைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சி, எவ்வளவு காற்று எங்கெங்கே ஒழுகி உள்ளே வருகிறது என்று அளந்தார்கள். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஃபேனை வாசல் கதவில் பொருத்தினார்கள். அந்தக் குழுவில் கௌதம் தத் என்ற இந்தியப் பெயரும் உண்டு. அவர்கள் கண்டுபிடித்ததுதான் எனக்கு முக்கியம். எல்லோரும் ஜன்னல் இடுக்கையும் கதவு இடுக்கையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, காற்று அதிகமாகப் போனது கண்ணுக்குத் தெரியாத வழிகளில். சுவருக்குள், பைப்பும் ஒயரும் ஏறிப்போகும் பொந்துகளில்.

1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் முதல் 'பாசிவ் ஹவுஸ்' குடியிருப்பு எழுந்தது. அந்த முறையின் விதி இது: 50 பாஸ்கல் அழுத்தத்தில், ஒரு மணி நேரத்தில் வீட்டின் மொத்தக் காற்றில் 0.6 மடங்குக்கு மேல் ஒழுகக்கூடாது. 50 பாஸ்கல் என்பது மணிக்குச் சுமார் 32 கி.மீ. வேகக் காற்று வீட்டின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் மோதுவதற்குச் சமம். அந்த வீடுகளில் ஒரு ஒயர் வெளியே போக வேண்டுமென்றால் அதற்கென்று ரப்பர் வளையம் இருக்கிறது.

குளிர்நாட்டுப் பைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. இலங்கையில், கட்டுநாயக்கவில், ஒரு பழைய ஆடைத் தொழிற்சாலைக் கட்டடத்தை இதே முறையில் புதுப்பித்திருக்கிறார்கள். அங்கே குளிரை அல்ல, புழுக்கத்தை வெளியே நிறுத்தினார்கள். ஏசி ஓடும் அறைக்குள் கடலோர ஈரக்காற்று ஒரு ஓட்டை வழியாக நுழைந்தால், குளிர்ந்த சுவரில் அது தண்ணீராகும், பிறகு பூஞ்சையாகும்.

புயலில் காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 80 கி.மீ. காற்று என்றால் அந்த 50 பாஸ்கலைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. அப்படியென்றால் நவம்பர் 30 இரவு எங்கள் வீட்டுக்கு ஜெர்மன்காரர்களே செய்யாத சோதனை இலவசமாக நடந்திருக்கிறது. வீடு தோற்றது. தோற்ற இடத்தில் பழுப்பாக ஒரு கோடும் போட்டுக் காட்டிவிட்டது.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் சோதனை செய்தேன். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, அடுப்பை அணைத்து, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். வீட்டுக் காற்றை அது வெளியே தள்ளும்போது, எங்கெல்லாம் ஓட்டையோ அங்கிருந்து வெளிக்காற்று உள்ளே வரும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு சுவர் சுவராக நடந்தேன். அப்பாவின் மூச்சுக்கு ஆகாது என்று அவரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தேன். "என்னடா, வீட்டுக்குத் திருஷ்டி கழிக்கிறியா?" என்றார் அம்மா.

ஃபைபர் ஓட்டையில் புகை உள்பக்கமாகச் சாய்ந்தது. எதிர்பார்த்ததுதான். ஏசி பைப் போகும் மூன்றங்குல ஓட்டையிலும் சாய்ந்தது. அதை மூடியிருந்த பிளாஸ்டிக் வளையம் அழகுக்கு மட்டும்தான். நான் எதிர்பார்க்காதது சுவிட்ச் போர்டு. பிளக் பாயின்ட்டின் துளைகளுக்கு எதிரே புகை துடித்தது. மாடியில் திறந்தபடி நிற்கும் பைப்பிலிருந்து, தளத்துக்குள்ளும் சுவருக்குள்ளும் ஓடும் பி.வி.சி. குழாய் வழியாக, வெளிக்காற்று நேராக அப்பாவின் தலைமாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நம் வீடுகளில் சுவிட்ச் போர்டுக்குள் எறும்பு வருவது எல்லோருக்கும் தெரியும். எறும்பு வரும் வழி காற்றுக்கும் தூசிக்கும் வழி என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. பிரின்ஸ்டன்காரர்கள் சொன்ன கண்ணுக்குத் தெரியாத பொந்து இதுதான்.

வீடு கட்டும்போது வயரிங் செய்த அண்ணனையே கூப்பிட்டேன். முதலில் சிரித்தார். பிறகு கோட்டைப் பார்த்ததும் ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்து, "உள்பக்கம் சாய்ஞ்சிருக்குப்பா. உள்ளேருந்து ஓட்ட போட்டிருக்கான், மெஷின் எடைக்கு பின்பக்கம் தாழ்ந்து, ஓட்ட வெளிய ஏறிப் போயிருக்கு. தண்ணி வராம என்னா பண்ணும்?" என்றார்.

இரண்டு நாள் வேலை. பழைய ஓட்டையைச் சிமெண்ட் கலவையால் முழு ஆழத்துக்கும் அடைத்தோம். கூடத்துப் பக்கம், அப்பாவின் அறைக்குச் சம்பந்தமில்லாத சுவரில், வெளியே தாழ்வாகச் சாயும்படி புதிய ஓட்டை போட்டு, அதில் ஒரு சின்ன பி.வி.சி. குழாயைப் பதித்தோம். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு தனி, குழாய்க்கும் ஒயருக்கும் நடுவே உள்ள இடுக்கு தனி. இரண்டையும் அடைக்க வேண்டும். வெறும் பட்டி வைத்தால் ஒயர் ஆடும்போது விரிசல் விடும் என்பதால் இழுத்தால் நீளும் சீலன்ட். நாலு ஒயரைக் கொத்தாக ஒரே ஓட்டையில் விட்டால் ஒயருக்கு ஒயர் நடுவே இடைவெளி மிஞ்சும், அதை எதை வைத்தும் அடைக்க முடியாது. அதனால் ஒரு குழாய்க்கு ஒரு ஒயர். கூடவே இரண்டு காலிக் குழாய்களை மூடி போட்டுப் பதித்துவைத்தோம். நாளைக்கு எந்த ஒயர் வருமோ, அது வந்தால் யாரும் டிரில் எடுக்க வேண்டியதில்லை.

சுவிட்ச் போர்டுகளுக்கு, மெயினை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, குழாய் வாய்களில் ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் காயாத புட்டியை அழுத்தினார். தேவைப்பட்டால் பிய்த்து எடுத்துவிடலாம். கடைசியாக வெளியே போய், ஃபைபர் ஒயரை ஓட்டைக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு மேலேற்றினார். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இது அந்தக் காலத்து வேலையாச்சே" என்றார்.

*

எல்லாம் அடைத்து முடித்த முதல் இரவு அப்பா தூங்கவில்லை. "மூச்சு முட்டுது. கதவத் தொற" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர் சொல்வது சரி. காற்றுப் புகாத வீடு கட்டுபவர்கள் எல்லோரும் கூடவே ஒன்று செய்கிறார்கள்: சுத்தமான காற்று வருவதற்கென்று ஒரு வழி வைக்கிறார்கள். கண்ட ஓட்டை வழியாகக் கண்ட காற்று வருவதற்குப் பதில், நாம் சொன்ன வழியில், வடிகட்டிய காற்று. வழியே வைக்காமல் அடைத்தால் அறைக்குள் நாம் விட்ட மூச்சுதான் மிஞ்சும். நான் பாதிப் பாடத்தைப் படித்துவிட்டு மனிதரை டப்பாவில் போட்டு மூடியிருந்தேன்.

இப்போது அந்த அறையில் ஒரு சின்ன ஃபேன் வெளிக்காற்றை ஃபில்டர் வழியாக உள்ளே தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் ஒரு பொட்டு கூடுதலாக இருப்பதால், அடைக்காமல் விட்ட இடுக்கு ஏதாவது இருந்தால் காற்று அங்கே வெளியேதான் போகும், தூசி உள்ளே வராது. முதல் மாதம் கழித்து ஃபில்டரைக் கழற்றியபோது அதன் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி, விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் பழகிய பொருள். "ஜல்லித் தூளு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

தாத்தாவுக்குக் காற்று வருவதற்குச் சந்து விட்டுக் கட்டினார்கள். அவர் மகனுக்குக் காற்று வராமல் இருக்கச் சீலன்ட் வாங்குகிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரு மலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, அதில்தான் இந்த வீட்டின் தளத்தையும் போட்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை கிரஷர் ஓடாது. சனிக்கிழமை ராத்திரி மழை பெய்திருந்தால் தூசி அடங்கியிருக்கும். அந்த மாதிரிக் காலைகளில் அப்பா தானே எழுந்து ஜன்னல் கொண்டியைத் தள்ளுவார். மலையும் உச்சிக் கோயிலும் தெரியும். "இன்னிக்கு நல்ல காத்துடா" என்பார். திங்கட்கிழமை ஆறு மணிக்கு முதல் டிப்பர் போகும் சத்தம் கேட்டதும் நான் போய்ச் சாத்துவேன்.